பாட்டு பீரியட் யார் பொறுப்பு?

நாஞ்சில் நாட்டில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுக் குழு தேடி யாரும் அலைவதில்லை. அதே ஊரின் அரசு நடுநிலைப் பள்ளியில் ஒரு பாட்டு டீச்சரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் கேட்கலாம். அந்த விதியை ஒட்டி 2012இல் தமிழகமெங்கும் 16,549 பேர் வந்தார்கள். அப்போது வாரம் 3 அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. 2024இல் தொகை 12,500 ஆனது. வேலை மட்டும் அதே பகுதிநேரம். 2017இல் 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத் தேர்வு நடந்தபோதும் இசைக்கு ஒதுக்கியது நூறைத் தொடவில்லை.

பகுதிநேரச் சம்பளம் திட்ட நிதியிலிருந்து வருகிறது. சிக்கலே அதுதான். அந்த நிதியைத் தந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் 2018இல் சமக்ர சிக்‌ஷாவில் கரைந்தது. அதே ஆண்டு மாவட்டக் கல்வி அலுவலகங்களைக் கலைத்து அடுக்கினார்கள். 2022இல் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் என மறுபடி பிரித்தார்கள். 2024-25இல் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத் தகராறில் ஒன்றிய அரசு தன் நிதிப் பங்கையே நிறுத்திவைத்தது. இத்தனை மாற்றத்திலும் கணக்கு பீரியடில் யாரும் கைவைக்க மாட்டார்கள். போர்ஷன் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது பாட்டும் ஓவியமும்தான்.

2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா நல்ல காரியம். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படியேறி, கலையரசன், கலையரசி பட்டம் வரை போகலாம். ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு யூடியூப் பார்த்துப் பழகிய ஆட்டம் எது, ஆண்டு முழுக்கப் பழகியது எது என்று நடுவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

ஆக, தலைமையாசிரியர் கையில் என்ன இருக்கிறது? நேர அட்டவணை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உள்ளூர்க் கலைஞரை அதன் வழியே அழைக்கலாம். வில்லுப்பாட்டையே எடுங்கள். மணி கட்டிய வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா. வலத்தே பாட ஒருவர், இடத்தே பாட ஒருவர். எட்டாம் வகுப்புப் பிள்ளை உடுக்கையை விட்டுப் போகுமுன் ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் அது பழகியிருந்தால், வாத்தியார் மாறினாலும் குழு நிற்கும். கருவிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி பீரோவில் பூட்டிவிட்டால், ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்து ஒன்றுக்கும் உதவாது.

மீதி தலைமையாசிரியர் கையில் இல்லை. பிள்ளைகள் 100 பேர் தேறாத சின்னப் பள்ளிக்கு சட்டம் யாரையும் தருவதில்லை. ஒருவரே நான்கு பள்ளிகள் வரை பணியாற்றலாம் என்று 2011இன் அரசாணை 177 இடம் கொடுத்திருந்தது. அந்த வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 100 என்ற கணக்கைத் தனிப் பள்ளிக்குப் பார்க்காமல் வட்டாரத்துக்குப் பார்த்தால், ஆசிரியருக்கு முழு வேலை. அடுத்தடுத்த நான்கு ஊருக்கும் ஒரு பாட்டு டீச்சர்.