நாள்தோறும் மறை ஓதுதல்



கண்டி மாநகரின் விடியற்பொழுது ஓசைகளால் அறியப்படுவது. பள்ளிவாசலின் பாங்கொலி, தலதா மாளிகையின் மேளம், கோயில் மணி ஆகிய யாவும் மலைகளுக்கிடையே கலந்து எழும். மாளிகையின் அயலிலேயே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த செங்கற் கட்டடமாகிய பரிசுத்த பவுல் ஆலயமும் நிற்கிறது. சமயங்கள் பலவாயினும், நாளைத் திருமொழியோடு தொடங்குதல் என்னும் வழக்கம் அவை அனைத்துக்கும் பொதுவானது. அவ்வழக்கம் கிறிஸ்தவர்களிடையே எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் ஒருவருடைய உள்ளத்திலே விளைவது யாது என்பதைக் குறித்தே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

என் பாட்டி அந்தானை மலைச்சாரலிலே கொழுந்து பறித்தவர். எழுத்தறியாதவர். எனக்கு ஒன்பது வயதானபோது, பிரட்டுக்குப் புறப்படுமுன் குப்பி விளக்கின் ஒளியிலே ஒரு சங்கீதமும் ஓர் அதிகாரமும் படித்துக் காட்டுவது என் பொறுப்பாயிற்று. நானோ தூக்கக் கலக்கத்தோடு ஒப்புக்குப் படித்து முடிப்பேன். மாலையிலே கூடையை இறக்கி வைத்துவிட்டு, "காலையில என்னா படிச்ச, சொல்லு பாப்போம்" என்று பாட்டி கேட்பார். படித்த நான் விழிப்பேன். கேட்ட அவரோ அதிலே ஒரு தொடரைப் பகல் முழுவதும் வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லி, தம் கவலைகளோடு ஒட்டிப் பார்த்து வைத்திருப்பார். வாசித்தல் வேறு, தியானித்தல் வேறு என்னும் பாடத்தை நான் கற்றது எந்தக் கல்லூரியிலும் அன்று. லயத்தின் அந்த இருட்டறையிலேதான்.

இம்மலைநாட்டுத் தோட்டங்களிலே தமிழ் வேதாகமம் பரவிய வரலாறும் இத்தகையதே. கண்டிப் பகுதியை மையமாகக் கொண்டு 1854ஆம் ஆண்டு தமிழ்க் கூலி மிஷன் என்னும் பணி தொடங்கிற்று. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து சென்று, எழுத்தறியாத மக்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். அச்சிட்ட புதிய ஏற்பாடு தமிழிலே தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றிருந்தது. ஆயினும் நம் தோட்டத்து மக்களுக்கு அது கண்வழி வரவில்லை, செவிவழியே வந்தது. இன்னொன்றையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்குத் துணைநின்ற தமிழ்ப் புலமை, சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலருடையது.

செவிவழி வருதல் குறைபாடு என்று எண்ண வேண்டா. முதலாம் சங்கீதத்திலே, இரவும் பகலும் மறையைத் தியானிக்கும் மனிதனைப் பற்றிப் பேசப்படுகிறது. அங்கே 'தியானம்' என்று நாம் பெயர்க்கும் எபிரேயச் சொல் 'ஹாகா' என்பது. கண்மூடி மௌனமாய் இருத்தலை அது குறிப்பதன்று. வாய்க்குள் முணுமுணுத்தலையே குறிப்பது. அதே சொல்லை ஏசாயா தீர்க்கதரிசி, இரையைப் பற்றிய சிங்கத்தின் உறுமலுக்கு ஓரிடத்திலும், புறாவின் முனகலுக்கு மற்றோரிடத்திலும் ஆளுகிறார். அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரியும் தேரில் அமர்ந்து உரக்கவே வாசித்தார். அதனாலன்றோ பிலிப்பு அதைக் கேட்க முடிந்தது! தமிழிலே இதற்கு 'ஓதுதல்' என்னும் அருமையான சொல் உண்டு. திருமுறை ஓதுவாரை அறிந்த நமக்கு, அச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நகருக்கு அண்மையிலுள்ள அம்பிட்டியில், புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் மடம் ஒன்று இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவ்வொழுங்கின் 48ஆம் பிரிவு, உடலுழைப்புக்கு நேரம் வகுப்பது போலவே வாசிப்புக்கும் நேரம் வகுக்கிறது. தவக்காலத்திலே துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் தரப்படும்; அதை முதலிலிருந்து முறையே முழுவதும் படிக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான குய்கோ என்னும் துறவி, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல் என நான்கு படிகளைச் சொன்னார். உணவை வாயிலிடுவது முதற்படி. மெல்லுவது இரண்டாம் படி என்பது அவர் காட்டும் உவமை. நம்மிற் பலர் முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம்.

எவ்வளவு படிப்பது? கணக்கைப் பார்ப்போம். வேதாகமத்திலே 1189 அதிகாரங்கள் உள்ளன. வாரநாட்களில் மும்மூன்றும் ஞாயிறுதோறும் ஐந்துமாகப் படித்தால் ஓராண்டிலே நிறைவுறும். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல், 150 சங்கீதங்களை முப்பது நாட்களின் காலை மாலைகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. ஸ்கொட்லாந்தின் டண்டி நகரத்துப் போதகராயிருந்து, 29 வயதிலேயே மறைந்த றொபேட் மரே மக்செயின் என்பவர் 1842இல் தம் சபையாருக்கு ஓர் அட்டவணை வகுத்தளித்தார். நாளொன்றுக்கு நான்கு பகுதிகள். பழைய ஏற்பாடு ஆண்டில் ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். நான் பல்லாண்டுகளாகக் கைக்கொண்டு வருவது இதுவே. தொடங்குவோர்க்கு இது பெருஞ்சுமை என்பது என் கருத்து. அவர்கள் மாற்கு எழுதிய சுவிசேஷத்திலிருந்து நாளுக்குப் பதினைந்து வசனம் படித்தாலே போதும்.

அட்டவணையின் சிறப்பு அளவிலே இல்லை. படிக்கும் பகுதியை நாம் தெரிந்துகொள்ளாதிருத்தலே அதன் சிறப்பு. மனம்போன பக்கத்தைத் திறப்பவன், தனக்கு இனியதையே திரும்பத் திரும்பத் திறப்பான். இதை நான் பட்டறிந்தேன். எங்கள் தாயார் காலமான பின், அவர் விட்டுச் சென்ற சிறுவீட்டின் பொருட்டு எனக்கும் ஹட்டனில் வாழும் என் தம்பிக்கும் பிணக்கு உண்டாயிற்று. நான்கு ஆண்டுகள் பேச்சில்லை. மக்செயின் அட்டவணைப்படி ஜனவரி 5ஆம் நாள் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வரும். காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன் சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வருமானால், காணிக்கையை அங்கேயே விட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்னும் கட்டளை அதிலே இருக்கிறது. அப்பகுதியை நான் வேகமாகப் படித்துக் கடந்தேன். குற்றம் அவனுடையது, அவனன்றோ வரவேண்டும் என்று எனக்குள் வாதாடினேன். ஆண்டு முடியுமுன் அதே அதிகாரம் மீண்டும் வந்தது. அடுத்த ஜனவரியிலும் வந்தது. யார்மேல் குற்றம் என்று அங்கே கேட்கப்படவில்லை என்பது அப்போதுதான் என் கண்ணிற் பட்டது. மறுநாள் பாடசாலையிலே, சண்டையிட்ட இரு மாணவரைக் கைகுலுக்கச் சொல்லும்போது எனக்கு நா எழவில்லை. அந்தச் சனிக்கிழமை கம்பளை, நாவலப்பிட்டி வழியாக ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். வீட்டுப் பங்கைப் பற்றி அன்று ஒன்றும் தீரவில்லை. இன்றும் முற்றாகத் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி என்னை உள்ளே அழைத்தான். அவன் பிள்ளைகள் எவ்வளவு உயரமாய் வளர்ந்துவிட்டார்கள் என்பதைக் கண்டேன்.

வம்ச அட்டவணைகளையும், பகைவரைச் சபிக்கும் சங்கீதங்களையும் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. பெயர்ப் பட்டியலை விரைந்து படிக்கலாம், அதிலே பிழையில்லை. சாபச் சங்கீதங்களைத் தாண்ட வேண்டா. மனிதன் தன் சினத்தை அயலான்மேற் கொட்டாமல் இறைவன்முன் கொண்டுபோய் வைக்கிறான் என்று அவற்றைப் படிக்கலாம். பொருள் விளங்காத இடத்தைக் குறித்து வைத்து அறிந்தோரைக் கேட்பதும் நன்று. பவுல் சொன்னவை மெய்தானோ என்று பெரோயா பட்டணத்தார் நாடோறும் மறையை ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்கள் பாராட்டப்பட்டார்களேயன்றிக் கடியப்படவில்லை.

இடையிலே சில நாள் தவறிப்போகும். நோயும் பிரயாணமும் பரீட்சைக் காலமும் எல்லோர்க்கும் உண்டு. தவறிய பகுதிகளையெல்லாம் ஒரே இரவிலே படித்துக் கடன் தீர்க்க முயன்றவர்களே வாசிப்பை முற்றாகக் கைவிட்டதை நான் கண்டிருக்கிறேன். போனது போகட்டும், இன்றைய தேதிக்குரிய பகுதியைத் திறவுங்கள். வீட்டிலே கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் இருப்பாராயின் அவர் அருகிலிருந்து உரக்கப் படியுங்கள். மாலையிலே அவர் கேள்வி கேட்கக்கூடும், அதற்கும் ஆயத்தமாயிருங்கள்.