பாட்டும் காட்சியும்

கலைகள் பலவற்றுள்ளும் எளிதில் உள்ளத்தைப் பிணிக்க வல்லது இசைக்கலையே என்பது யாவரும் ஒப்பிய உண்மை. கற்றாரும் கல்லாரும், குழவியரும் முதியரும் ஒருங்கே அதன் வயப்படுகின்றனர். ஓவியத்தை நுகரக் கண் வேண்டும். நூலை நுகர எழுத்தறிவு வேண்டும். பாட்டையோ கண்ணை மூடிக்கொண்டும் நுகரலாம். மூடிக்கொண்டால் இன்னும் நன்றாக நுகரலாம் என்பாரும் உளர். ஆயினும் இக்காலத்தே புதுப்பாட்டுக்கள் பல மியூசிக் வீடியோ எனப்படும் இசைக் காணொளியுடனேயே வெளிவருகின்றன. செவிக்கு உணவாயிருந்த பாட்டு கண்ணுக்கும் உணவாயிற்று. இக்காட்சிகள் பாட்டின் சுவையை வளர்க்கின்றனவா, குறைக்கின்றனவா என்பதும், குறைப்பதாயின் அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதும் ஈண்டு ஒரு சிறிது ஆராயப்படும்.

பாட்டும் பாடுவோரும் தனித்தனியே பிரிந்தது மிகப் பழைய செய்தியன்று. 1877-ஆம் ஆண்டில் எடிசன் என்பார் ஒலியைப் பதிந்து மீட்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டார். அதற்கு முன்னர்ப் பாட்டுக் கேட்டோர் அனைவரும் பாடுவோர் இருந்த இடத்திற்கு அணித்தாய் இருந்து கேட்டோரே. கோயில் மண்டபத்திலோ, வயல் வரப்பிலோ, தொட்டிலருகிலோ, பாட்டு எங்கே எழுந்ததோ அங்கே அதனைப் பாடும் ஒருவரும் இருந்தார். இசைத்தட்டும் வானொலியும் தோன்றிய பின்னர்க் குரல் மட்டும் தனியே வீடுதோறும் புகுந்தது. அக்குரலுக்குரிய முகத்தையும் இடத்தையும் பொழுதையும் கேட்போர் தம் உள்ளத்திலேயே படைத்துக்கொண்டனர். பிரிவைப் பாடும் பாட்டொன்றைக் கேட்கும் ஆயிரவர் தத்தமக்குரிய ஆயிரம் முகங்களை நினைப்பர். பாட்டு ஒன்றாயினும் கேட்போருள்ளத்தில் அஃது ஆயிரம் பாட்டாகின்றது. இங்ஙனம் கேட்போரும் ஒருவகையாற் படைப்போராதலே கண் காணாப் பாட்டின் தனிச்சிறப்பு. இசைக் காணொளி கை வைப்பது இவ்விடத்திலேயாம்.

இனி, காணொளி வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலப் பாடகர் குழுவினர், தொலைக்காட்சி நிலையங்கள்தோறும் தாமே சென்று பாடுவதற்கு மாறாக, 1966-ஆம் ஆண்டில் தம் பாட்டுக்களுக்குச் சிறு படங்கள் எடுத்து அனுப்பினர். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி இதற்கெனவே தொடங்கப்பெற்றது. வானொலிப் பாடகனை வீடியோ கொன்றது என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டதும், பகிள்ஸ் என்னும் குழுவினர் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்டதுமான பாட்டே அதில் முதற்கண் காட்டப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் காணொளி வெளிவந்தது. இசைத்தட்டில் ஏறக்குறைய ஆறு நிமிடங்களே நிகழும் அப்பாட்டு, காணொளியில் பதினான்கு நிமிட அளவினதாகிய கதைப்படமாயிற்று. அது மட்டுமோ? கதைக்கு இயையுமாறு பாட்டின் அடிகள் முன்னர் ஒருசேரப் பாடப்பட, இடையிடையே வரவேண்டிய பல்லவி இறுதிக்குத் தள்ளப்பட்டது. பாட்டுக்காகப் படம் என்னும் நிலை மாறிப் படத்துக்காகப் பாட்டு என்னும் நிலை எய்தியதற்கு இது தக்க சான்று.

காட்சி சேர்ந்தால் சேரட்டும், செவி தன் தொழிலைத் தான் செய்துகொண்டிருக்கும் அன்றோ எனச் சிலர் கருதலாம். ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை வேறு. மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்கோம்ப் என்னும் இருவர் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மரிம்பா என்பது மரத்துண்டுகளைக் கோலால் தட்டி ஒலிப்பிக்கும் இசைக்கருவி. அதனை வாசிப்போர் கையை நீள வீசித் தட்டினும் குறுக வீசித் தட்டினும் எழும் ஒலியின் நீளம் வேறுபடுவதில்லை. ஆயினும் காட்சியோடு கேட்டோர், கை நீள வீசியபோது ஒலியும் நீண்டதாகவே கூறினர். காட்சியைப் பொருட்படுத்தாது ஒலியை மட்டும் மதிப்பிடுக என்று அறிவுறுத்தியும் அவர்களால் அங்ஙனம் செய்ய இயலவில்லை.

சியா-ஜுங் சாய் என்னும் அம்மையார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்புடையது. இசைப்போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவருள் வென்றவர் யாவர் என்பதைக் கண்டு கூறுமாறு பலரிடம் வினவினர். சிலர்க்கு ஒலி மட்டும் தரப்பட்டது, சிலர்க்கு ஒலியற்ற காட்சி, சிலர்க்கு இரண்டும். ஒலியே இன்றிக் காட்சியை மட்டும் கண்டோரே மிகுதியும் சரியாகக் கூறினர். இசையையே தொழிலாகக் கொண்டோரும் இதற்கு விலக்காகவில்லை. இசையில் இசையே பெரிதென நாம் வாயாற் கூறினும், கண் அருகிருக்குங்கால் நம் மனம் கண்ணின் பக்கமே சாய்கின்றது என்பது இதனாற் பெறப்படும். ஆதலின் பாட்டோடு ஒரு காட்சியைச் சேர்ப்பது சிறு அணியொன்றைப் பூட்டுவது போன்றதன்று; நடுவராக இருந்த செவியை எழுப்பிவிட்டு அவ்விருக்கையிற் கண்ணை அமர்த்துவது போன்றதாம்.

நிற்க, காட்சியால் பாட்டின் சுவைக்கு நேரும் கேடு மூவகைப்படும் எனலாம். முதலாவது, பல பொருளுக்கு இடந்தரும் இசையை ஒரு பொருளிற் கட்டிவைத்தல். பீத்தோவன் என்னும் செருமானிய இசைப்புலவரின் ஆறாம் சிம்பொனி 1808-ஆம் ஆண்டு வியன்னா நகரில் முதன்முதல் அரங்கேறியது. நாட்டுப்புறத்தின் அழகினைப் பற்றியது அது. ஓடையும், உழவர் கூத்தும், இடியும் மழையும் அதனுள் வருவனவாயினும், தாம் செய்தது காட்சி தீட்டுதலன்று, உணர்ச்சியைப் புலப்படுத்தலே என்னும் கருத்தை அவர் அந்நிகழ்ச்சியின்போதே தெரிவித்திருந்தார். 1940-ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் ஃபான்டேசியா என்னும் படத்தில் இவ்விசைக்குச் சித்திரக்காட்சி அமைத்தபோது, மனித உடலும் குதிரைக் காலும் கொண்ட கிரேக்கப் புராண உயிர்களையும் சிறகுடைய குதிரைகளையும் அதனுள் ஓடவிட்டனர். சித்திரங்கள் அழகியனவே. ஆயினும் அப்படத்தை இளமையிற் கண்டார் ஒருவர், பின்னர் அவ்விசையைக் கேட்டுத் தம் ஊர் ஓடையை நினைத்தல் அரிது. ஓடை வரவேண்டிய இடத்திற் சிறகுடைய குதிரை வந்து நிற்கும்.

இரண்டாவது, பாட்டின் கருத்தையே பிறழ உணர்த்துதல். பெர்ல் ஜாம் என்னும் அமெரிக்கக் குழுவினர் 1991-ஆம் ஆண்டில் ஜெரமி என்னும் பாட்டினை வெளியிட்டனர். உடன் பயில்வோர் முன்னிலையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட மாணவன் ஒருவனைப் பற்றிய செய்தித்தாட் குறிப்பினின்று பிறந்தது அது. யாரும் செவிகொடாத சிறுவனது துயரமே அதன் உயிர்நிலை. அடுத்த ஆண்டு வெளிவந்த காணொளி பெரும்புகழ் பெற்று, 1993-ஆம் ஆண்டில் எம்.டி.வி. வழங்கும் பரிசுகளுள் நான்கினைக் கொண்டது. ஆனால் ஒளிபரப்பு விதிகளின் பொருட்டு இறுதிக் காட்சியில் துப்பாக்கி தோன்றாதவாறு வெட்டிவிட்டனர். எஞ்சியவை குருதி தெறித்த ஆடையுடன் அஞ்சி உறைந்திருக்கும் மாணவர்களின் உருவங்களே. கண்டோர் பலர், அச்சிறுவன் தன் தோழர்களைச் சுட்டுவிட்டான் என்றே எண்ணினர். இரங்கத்தக்கவன் கொலைஞனாகக் கருதப்பட்டான். வெட்டப்படாத காணொளி 2020-ஆம் ஆண்டிலேதான் முறையாக வெளியிடப்பெற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் சொல்லொன்றும் மாறாத அப்பாட்டு, பலருடைய உள்ளத்தில் வேறொரு பாட்டாகவே நிலவிற்று. இக்குழுவினர் பின்னர்ச் சில ஆண்டுகள் காணொளி எடுப்பதையே தவிர்த்து, 1998-ஆம் ஆண்டில் மீண்டும் அதனை மேற்கொண்டனர் என்பதும் கருதற்பாலது.

மூன்றாவது, காட்சியின் இழிபு பாட்டின்மேல் ஏறுதல். பில்லி ஸ்குவையர் என்னும் அமெரிக்கப் பாடகர் 1984-ஆம் ஆண்டில் ராக் மீ டுநைட் என்னும் பாட்டினை வெளியிட்டார். மக்கள் அதனை விரும்பியே கேட்டனர். அதன் காணொளியிலோ அவர் ஒரு படுக்கையறையில் துள்ளி ஆடுவதாகக் காட்டினர். கண்டோர் நகைத்தனர். அரங்குகளிற் கூட்டம் குறைந்துவிட்டதென்றும், அக்காணொளியே தம் புகழுக்குக் கேடு சூழ்ந்ததென்றும் அவரே பின்னாளிற் கூறினார். குரல் அதே குரல். பண் அதே பண். கண் நகைத்தபின் செவி அதனை மதிக்க மறுத்துவிட்டது.

இங்ஙனமாயின் இசையும் காட்சியும் சேர்தலே தவறோ எனின், அன்று. நம் நாட்டுப் பரதநாட்டியத்தில் பதம் ஒன்றிற்கு அபிநயம் பிடிப்போரை நோக்குக. பாடுவோர் ஓரடியையே பன்முறை திருப்பிப் பாட, ஆடுவோர் அவ்வடிக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பொருள் தோன்றக் காட்டுவர். ஒரு முறை ஊடல். ஒரு முறை ஏக்கம். ஒரு முறை எள்ளல். காட்சி இங்கே பாட்டின் பொருளைக் குறுக்காமற் பெருக்குகின்றது. நாளை அப்பதமே ஆடப்படுங்கால் அபிநயம் மாறவும் கூடும். காணொளியோ ஒருமுறை எடுக்கப்பட்டபின் என்றும் மாறாதது; நூறு முறை கண்டாலும் அதே முகம், அதே மழை, அதே தெரு. காட்சி இருத்தலைக் காட்டிலும், அஃது ஒன்றேயாய் உறைந்துபோதலே குறையாம்.

அவ்வாறு உறைந்த காட்சியும் அருமையாய்ப் பாட்டை வளப்படுத்துதல் உண்டு. டிரெண்ட் ரெஸ்னர் என்பார் தம் இளமையில் இயற்றி 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹர்ட் என்னும் பாட்டினை, முதுமையும் நோயும் எய்திய ஜானி கேஷ் என்னும் பாடகர் 2002-ஆம் ஆண்டில் தம் குரலிற் பாடி வெளியிட்டார். மார்க் ரோமனெக் என்பவர் எடுத்த காணொளி, பாட்டின் சொற்களைக் கதையாக்க முயலவில்லை. முதியவர் தம் இல்லத்தில் அமர்ந்து பாடுவதும், அவரது பழம்பெருமை கூறும் காட்சிச்சாலை பாழடைந்து கிடப்பதும், இளமைக்காலப் படத்துணுக்குகளும், அருகே நின்று அவரை நோக்கும் மனைவியின் முகமுமே அதிற் காணப்படுவன. 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மனைவியாரும், செப்டம்பரிற் கேஷும் காலமாயினர். ஒலியை மட்டும் கேட்டபோது மனம் ஒன்றாதிருந்த ரெஸ்னர், காணொளியைக் கண்டபின் உருகி, அப்பாட்டு இனித் தம்முடையதன்று என்னும் பொருள்படக் கூறினார். இளைஞன் ஒருவனது மனநோவாக இருந்தது ஒரு வாழ்நாளின் விடைபெறுதலாயிற்று. இங்கே காட்சி, பாடுவோர் யாவர் என்பதை மட்டும் காட்டிவிட்டுப் பாட்டின் பொருளைக் கேட்போர்க்கே விட்டுவிட்டமையால் நன்மை விளைந்தது.

தமிழ் மக்களாகிய நமக்கு இச்செய்தி புதியதன்று. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த காளிதாஸ் முதலாகத் தமிழ்ப் பேசும்படங்கள் பாட்டினால் நிறைந்தவை. பின்னர்ப் பாடுவோர் ஒருவரும் வாயசைப்போர் மற்றொருவருமாயினர். படத்தோடு பிறந்த அப்பாட்டுக்களை இலங்கை வானொலியும், 1957-ஆம் ஆண்டில் தோன்றிய விவித பாரதியும் படத்தினின்று பிரித்து, அடுக்களைக்கும் தேநீர்க்கடைக்கும் கொண்டுசென்றன. படத்தைக் காணாமலே பாட்டைத் தமதாக்கிக்கொண்டோர் எண்ணிறந்தோர். அவருட் பலர் பின்னர்த் திரையில் அதனைக் கண்டு, இதற்கோ இப்பாட்டு என ஏமாற்றமுற்றதும் உண்டு. மறந்த பாட்டொன்று காட்சியால் உயிர்பெற்றதும் உண்டு. இக்காலத்தில் முறை சிறிது மாறியுள்ளது. கொலவெறி எனத் தொடங்கி உலகெங்கும் பரவிய பாட்டு, 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஒலிப்பதிவுக்கூடத்தில் எடுத்த காட்சியுடன் யூடியூப்பில் வெளிவந்தது. அதற்குரிய 3 என்னும் படம் திரைக்கு வந்ததோ 2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில். அதற்குள் ஒலிவாங்கியின் முன் நின்று விளையாட்டாய்ப் பாடும் தனுஷின் உருவமே அப்பாட்டின் உருவமாக மக்கள் மனத்திற் குடிபுகுந்துவிட்டது. முந்தி வந்த காட்சியே வீட்டுக்குரியதாகிறது; பிந்தி வருவது விருந்தினர் போல வாயிலில் நிற்கின்றது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? காட்சி தன்னளவில் நன்றோ தீதோ என்பதினும், அது செவிக்கு முந்துகின்றதா பிந்துகின்றதா என்பதே பெரிதாகும். ஒரு பாட்டை முதற்கண் காட்சியின்றிச் சிலமுறை கேட்போமாயின், அதற்குரிய முகங்களை நம் உள்ளம் தானே படைத்துக்கொள்ளும். அதன்பின் காணொளியைக் கண்டால், அது நம் கருத்தோடு வாதிடும் ஒரு நண்பரின் கருத்தாக அமையுமேயன்றி, நம்மை ஆளும் கட்டளையாகாது. நண்பர் கூறுவது சிறந்ததாயின் ஏற்போம். அன்றாயின் நமதே நமக்கு எஞ்சும்.

மாணவ நண்பர்காள், கைப்பேசியிற் புதுப்பாட்டு ஒன்று வந்தவுடன் அதன் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செலவில்லை, மூன்று நான்கு நிமிடங்களே செல்லும். அப்பாட்டில் உமக்கெனவே ஒழித்துவைக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. பிறர் அதிற் குடிபுகுமுன் நீவிர் புகுவீராக.