கம்பியில்லா வீட்டு வலையமைப்பில் பழுதறிதல்

கம்பியில்லா வீட்டு வலையமைப்பில் பழுதறிதல் என்பது, ஒரு வீட்டினுள் வைஃபை வழியாகப் பகிரப்படும் இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும்போதும் வேகம் குன்றும்போதும் அதற்கான காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறையாகும். பழுது வீட்டிற்கு வெளியே உள்ள கம்பியில் இருக்கலாம், திசைவியில் இருக்கலாம், திசைவிக்கும் கைபேசிக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கலாம். பயனர்கள் பெரும்பாலும் முதலாவதையே ஐயுற்று, கூடுதல் கட்டணத் திட்டத்திற்கோ வேறு சேவை நிறுவனத்திற்கோ மாறுகின்றனர். நெருக்கமாகக் கட்டப்பட்ட பழைய ஊர்களில் மூன்றாவதே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அவ்வாறாயின் செலவிட்ட பணம் வீணாகும். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரம் 1997 இல் வெளியானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையைக் குறைந்த திறனில் உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 சனவரியில் வகைசெய்யப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் 2018 அக்டோபரில் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. உரிமம் தேவையில்லை என்பதற்கு மறுபக்கமும் உண்டு: இப்பட்டைகளில் இடையூறுக்கு எதிராக எவரும் பாதுகாப்புக் கோர இயலாது. அண்டை வீட்டுத் திசைவி தொல்லை தந்தாலும் முறையிட இடமில்லை.

நெசவாளர் வீடும் அலைகளும்

பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. முகப்பு குறுகி, உள்ளே நீண்டு செல்லும் வீடுகள் பல. தறியும் வீட்டினுள்ளேயே இருக்கும். இணையக் கம்பி தெருப்பக்கமாக நுழைவதால், திசைவியும் வாசலை ஒட்டியே பொருத்தப்பட்டுவிடுகிறது. அதன் அலைகளில் பெரும்பகுதி தெருவிற்கும் அண்டை வீடுகளுக்கும் சென்றுவிட, பின்கட்டிற்கு எஞ்சியதே கிடைக்கிறது. இன்று புடவையின் நிறத்தையும் முந்தானையையும் காணொளி அழைப்பில் காட்டி விற்பது பரவலாகிவிட்டது. சரிகை மின்னுவதைக் காட்டும் வேளையில் படம் உறைந்து நின்றால் வாங்குபவர் வேறு கடைக்குச் சென்றுவிடுவார்.

மரத்தறியும் பட்டு நூலும் அலைகளைப் பெரிதும் தடுப்பதில்லை. சரிகை உலோகம் ஆதலால் அதுவே தடை என்று கருதத் தோன்றும். ஆனால் தறியில் உள்ள ஒரு புடவையைவிட, புடவைகள் அடுக்கி வைக்கப்பட்ட இரும்புப் பீரோவே பெரிய தடையாகும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்புகிறது. நீர் அதை உறிஞ்சுகிறது. ஆகவே பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, நீர் கோத்த சுவர், இரும்புக் கம்பிகள் கொண்ட கான்கிரீட் தளம் ஆகியவற்றைத் திசைவிக்கும் பயன்படுத்தும் இடத்திற்கும் நடுவே வரவிடுதல் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடப்பதில் 5 கிகாஹெர்ட்ஸை விஞ்சும்; வேகத்தில் பிந்தும். (திசைவியின் பெயரோடு ஒட்டியுள்ள ‘5ஜி’ என்பது இந்த 5 கிகாஹெர்ட்ஸைக் குறிப்பது, 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

முதற் சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன்பு, பழுது கம்பியிலா காற்றிலா என்று பிரித்தறிய வேண்டும். மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியால் திசைவியுடன் நேரடியாக இணைத்துப் பார்ப்பது இதற்கு எளிய வழி. கம்பியிலும் இணைப்பு அறுபட்டால் வைஃபை குற்றமற்றது.

மடிக்கணினியை வைஃபையில் இணைத்தும் இதனை அறியலாம். ‘பிங்’ என்னும் கட்டளையை இரண்டு சாளரங்களில் ஒரே வேளையில் ஓடவிட வேண்டும்: ஒன்று திசைவியின் முகவரிக்கு (பல திசைவிகளில் 192.168.1.1), மற்றொன்று வெளியுலக முகவரி ஒன்றிற்கு. திசைவியிடமிருந்து சில மில்லிநொடிகளில் சீராக மறுமொழி வந்து, வெளியுலக மறுமொழி மட்டும் தவறினால், பழுது சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம். திசைவியின் மறுமொழியே நூற்றுக்கணக்கான மில்லிநொடிகளுக்குத் தாவினாலோ வராமற்போனாலோ, பழுது வீட்டினுள் உள்ளது. இந்த ஒரு சோதனையைச் செய்து வைத்திருப்பவர், தொலைபேசியில் புகார் அளிக்கும்போது எளிதில் திருப்பி அனுப்பப்படுவதில்லை.

அடுத்து, கைபேசிச் செயலி ஒன்றால் வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்து அலைவலிமையை அளக்கலாம். இது டெசிபெல்-மில்லிவாட் என்னும் அலகில், எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். திசைவியின் அருகில் -40 அல்லது -50 இருக்கும். -67 வரை காணொளி அழைப்பு நன்கு நடைபெறும். -80 ஐக் கடந்தால் இணைப்பு அறுபடத் தொடங்கும். 10 எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிவிட்டது என்பது பொருள்.

பழுது நேரும் வேளையைக் குறித்து வைப்பதும் பயன் தரும். மாலையில் மட்டும் வேகம் குன்றினால் நெரிசல். மழையின்போது அறுபட்டால் வெளிக்கம்பி. சமையல் வேளையில் மட்டுமெனில் நுண்ணலை அடுப்பை ஐயுறலாம். அவ்வடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் 2.4 பட்டையோடு மோதுகிறது.

தடங்களின் நெரிசல்

ஒட்டு வீடுகள் நிறைந்த தெருவில் ஒரு கைபேசி பத்து, பதினைந்து வலையமைப்புகளின் பெயர்களைக் காட்டுவது வியப்பன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 13 தடங்கள் இருப்பினும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியிலேயே அமைந்துள்ளன. ஒவ்வொரு ஒலிபரப்பும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்வதால், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் 1, 6, 11 ஆகிய மூன்றையே பயன்படுத்த இயலும். வெறுமையாகத் தெரிகிறதென்று 3 அல்லது 8 ஐத் தேர்வது தவறு. அது இருபுறமும் உள்ளோருக்கு இடையூறு செய்து, தானும் இடையூறுறும். ஒரே தடத்தில் உள்ள திசைவிகளாவது ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பாதி படிந்த தடங்களில் இம்முறைமை சரிவர நடைபெறாது. 2.4 இல் தட அகலத்தை 40 இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைப்பதும் நெரிசலில் நன்மை தரும். தடங்கள் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை அண்டைச் சுவரைக் கடக்க இடர்ப்படுவது இங்கே வசதியாகிறது.

இரண்டு திசைவிகள்

ஒளியிழை இணைப்புடன் தரப்படும் பெட்டியிலேயே வைஃபை இருப்பது அறியாமல், கடையில் வாங்கிய திசைவியை அதனுடன் இணைப்போர் பலர். இரண்டும் தனித்தனியே முகவரி வழங்க, சில கருவிகள் இயங்கும், சில இயங்கா. இரண்டிற்கும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரி அமைந்துவிட்டால் குழப்பம் முற்றும். இரண்டாவதை ‘அணுகுமுனை’ என்னும் நிலைக்கு மாற்றினால் சிக்கல் தீரும்.

அலையை மீண்டும் பரப்பும் ‘ரிப்பீட்டர்’ மலிவானது. ஆயினும் ஒரே அலைப்பட்டையில் வாங்கியும் கொடுத்தும் இயங்குவது வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். நீண்ட வீட்டிற்கு, வாசலிலிருந்து நடுக்கூடத்திற்கு ஓர் ஈதர்நெட் கம்பியை இழுத்து அங்கே அணுகுமுனையை வைப்பதே சிறந்தது. அக்கம்பி 100 மீட்டர் வரை செல்லும். எந்த நெசவாளர் வீடும் அவ்வளவு நீளமில்லை.

மின்தடையும் வெளிக்கம்பியும்

ஒரு நொடி மின்தடையும் திசைவியை முழுமையாக மறுதொடக்கம் செய்யவைக்கும். இணைப்பு திரும்பச் சில நிமிடங்கள் ஆகலாம். இது வைஃபை கோளாறு போலத் தோன்றும். திசைவிக்கென விற்கப்படும் சிறிய 12 வோல்ட் மின்கலப் பெட்டி இதைத் தவிர்க்கும். தேரோட்டத்தின்போது தேர் செல்லும் வீதிகளில் மின்சாரம் நிறுத்தப்படுவது தமிழகக் கோயில் ஊர்களில் வழக்கம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததை நோக்கினால், அந்நேர மின்தடையைக் குறைகூற இயலாது.

ஒளியிழைப் பெட்டியில் ‘லாஸ்’ எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். குரங்குகளும் காரணமாகலாம்: வாரணாசியில் கங்கைக் கரையோரம் பொருத்தப்பட்ட ஒளியிழைக் கம்பிகளைக் குரங்குகள் கடித்துச் சிதைத்தது 2015 இல் செய்தியானது. இந்நிலையில் திசைவியின் அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை. சேவை நிறுவனத்தின் பணியாளரே வர வேண்டும்.

கடவுச்சொல்

விருந்தினருக்கும் வாடிக்கையாளருக்கும் தந்த கடவுச்சொல் நாளடைவில் தெரு முழுவதும் பரவிவிடுவதும் வேகக் குறைவிற்கு ஒரு காரணமாகும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திசைவியின் மேலாண்மைப் பக்கத்தில் காணலாம். பழைய ‘வெப்’ குறியாக்கம் எளிதில் உடைக்கப்படக்கூடியது. 2004 இல் வந்த டபிள்யூபிஏ2 அல்லது 2018 இல் வந்த டபிள்யூபிஏ3 முறையைத் தேர்தல் வேண்டும். வாடிக்கையாளர்களுக்கெனத் தனி விருந்தினர் வலையமைப்பை உருவாக்கும் வசதி பல திசைவிகளில் உள்ளது.