கம்ப்யூட்டரை ஸ்லோ ஆக்க ஒரு 'டர்போ' பட்டன்: எதுக்கு இருந்துச்சு?

டெல்லி நேரு பிளேஸில் லேப்டாப் வாங்கப் போனால், பேச்சு பெரும்பாலும் பிராசஸர் வேகத்தைச் சுற்றியே இருக்கும். ஆனா 1980களில் வந்த பல பிசிக்களில், தேவைப்பட்டால் வேகத்தைக் குறைக்கவே ஒரு பட்டன் இருந்துச்சு. பெயர் மட்டும் 'டர்போ'!

வேகம் கூடினால் என்ன பிரச்னை?

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல் 8088 சிப். வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குச் சுமார் 47.7 லட்சம் துடிப்புகள். இந்த வேகம் மாறாதுன்னு நம்பியே பல கேம்களை எழுதினாங்க. திரையில் ஒரு நொடி நிறுத்தணுமா? கடிகாரத்தைப் பார்க்காமல், ஒரு குறிப்பிட்ட எண் வரை சும்மா எண்ணச் சொல்வாங்க. 8 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் அந்த எண்ணிக்கை சீக்கிரம் முடிஞ்சிடும். கேம் தறிகெட்டு ஓடும். டர்போவை ஆஃப் செய்தால் பழைய வேகம் திரும்பும்.

இந்தியாவில் என்ன நடந்தது?

ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதற்கு 2 ஆண்டுகள் முன்பே, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஷிவ் நாடார் நண்பர்களோடு டெல்லியில் எச்சிஎல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இங்கேயே கம்ப்யூட்டர்கள் தயாரானாலும், ஒரு கம்பெனி மெஷினில் ஓடும் புரோகிராம் இன்னொன்றில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. அதன்பின் 'ஐபிஎம் கம்பேட்டிபிள்' பிசிக்கள் பெருகின. லோட்டஸ் 1-2-3, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ரெண்டும் ஓடுதா? உலகம் முழுக்க அதுதான் அப்போ டெஸ்ட்.

கேமோடு முடிஞ்சுதா?

இல்லை. 1990களின் இறுதியில், டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள் புதிய, வேகமான பென்டியம் மெஷின்களில் திறந்த உடனே 'ரன்டைம் எரர் 200' காட்டி நின்றுபோயின. சிப்பின் வேகத்தை அளக்கும் கணக்கில், விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. புது மெஷின் வாங்கியும் பழைய வேலை நடக்கல.

இப்போ நமக்கு என்ன?

இன்று அதே கேள்வி ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களில் வருது. இன்டெல் சிப்புக்காக எழுதிய பெரும்பாலான ஆப்களை அவை எமுலேஷன் மூலம் ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது; ஆர்முக்கென்றே தனியா வேணும். எனவே காசு கொடுக்கும் முன், ஆபீஸ் விபிஎன், பழைய பிரின்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மூன்றும் அதில் வேலை செய்யுமான்னு கேட்டுடுங்க. மெகாஹெர்ட்ஸ் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.