கணிப்பும் கண்காணிப்பும்: செல்போனோடு கடலுக்குப் போகிறவர்கள்

வேட்டை என்றதும் நமக்குக் காடுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் அந்த வேட்டை சட்டத்தின் கண்ணில் எப்போதோ குற்றமாகிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஊசுடு ஏரியும் 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கே கொக்குக்குக் கண்ணி வைத்தால் ஜெயில்தான். ஆனால் அரியாங்குப்பத்திலிருந்து கிழக்கே நடந்து வீராம்பட்டினம் கரைக்குப் போனால், தினமும் விடிவதற்கு முன்னால் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்க்கலாம். விதைக்காத, வளர்க்காத, கண்ணுக்கும் தெரியாத இரையைத் தேடி, வேலியில்லாத ஒரு வெளிக்குள் போகிறார்கள். இதை 'மீன்பிடித் தொழில்' என்று அரசுக் காகிதங்கள் எழுதுவதாலேயே இது வேட்டை இல்லை என்று ஆகிவிடாது. வேட்டைக்காரனின் கையில் செல்போனும் ஜிபிஎஸ்ஸும் வந்தால் என்ன நடக்கிறது என்ற கேள்வியை இந்தக் கரையில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய முறை. கடலில் ஒரு பார் இருக்கிறது, அதில் சங்கராவோ வஞ்சிரமோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே இடத்துக்கு எப்படிப் போவது? தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது. அதனால் கரையைப் பார்க்கிறார்கள். கிட்டத்தில் தெரியும் பனை, தூரத்தில் தெரியும் கோபுரம், இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நேராக வந்தால் அது ஒரு கோடு. வேறு திசையில் கலங்கரை விளக்கமும் ஒரு தோப்பின் முனையும் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பார். கன்னியாகுமரிப் பக்கம் இதைக் கணிச்சம் என்பார்கள். கூடவே ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பது, அதில் ஒட்டிக்கொண்டு வரும் மண்ணைத் தடவிப் பார்ப்பது, தண்ணீரின் நிறம், நீரோட்டம், வாடையா கச்சானா என்கிற காற்றின் கணக்கு. இது எழுதப்படாத அறிவு. அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும், பங்காளிக்குப் போகாது. முப்பது வருஷம் கடலில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பாரு எங்க இருக்குன்னு கேட்டா வாயால சொல்லத் தெரியாது. போனா கை தானா சுக்கானத் திருப்பும்."

ஜிபிஎஸ் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான், பனைமரங்கள்தான் வானத்தில் இருக்கின்றன. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள் ஒவ்வொன்றும் 'இப்போது மணி இன்னது, நான் இருப்பது இன்ன இடம்' என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. செல்போனுக்குள் இருக்கும் சில்லு அதைக் கேட்டு, செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிட்டுத் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. மூன்று துணைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் போனின் கடிகாரம் மட்டமானது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அதைச் சரிக்கட்ட நான்காவது துணைக்கோள் வேண்டும். திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். கடலைவிடத் திறந்த வானம் எங்கே இருக்கிறது?

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'சாட்டிலைட் நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கு' என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள். இயக்கத் தோழர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஜிபிஎஸ் துணைக்கோளுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. ஜிபிஎஸ் கேட்கும் கருவி, சொல்லும் கருவி இல்லை. டவர் எட்டாத ஆழ்கடலிலும் அது வேலை செய்வது இதனால்தான். நம்முடைய இடத்தை அடுத்தவருக்குச் சொல்வது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் செயலி, அல்லது படகில் தனியாகப் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர். கேட்பது எங்கே முடிகிறது, சொல்வது எங்கே தொடங்குகிறது, சொன்னதை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் இந்த விஷயத்தின் அரசியல் அடங்கியிருக்கிறது.

இடத்தை எண்ணாக்குவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தன் புவியியல் நூலில் பொதுகே என்ற துறைமுகத்துக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டு எழுதி வைத்தார். அது நம் அரிக்கமேடுதான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அந்த எண் யாருக்குத் தேவைப்பட்டது? இங்கே வலை வீசியவனுக்கு அல்ல. தெ செர்த்தோ 1980இல் எழுதிய நூலில் மேலிருந்து பார்க்கிறவனின் வரைபடத்தையும் கீழே நடக்கிறவனின் வழியையும் பிரித்துக் காட்டுவார். கணிச்சம் வழியைச் சேர்ந்தது. ஆயத்தொலைவு வரைபடத்தைச் சேர்ந்தது. ஜிபிஎஸ்ஸும் பிறப்பால் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் கொடுத்தார்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'ஏகாதிபத்தியக் கருவி' என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது சோம்பேறித்தனம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். போருக்காகத் திரட்டிய அறிவு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய உதவியது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் அதே மாதிரியான ஒலிபெருக்கிதான் ஊரை எழுப்பி ஓடச் சொன்னது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் அழைப்பு அதற்குக் காரணம். அதே நிறுவனம் பிறகு மீனவ நண்பன் செயலியைக் கொண்டுவந்தது. மீன் கூடக்கூடிய பகுதி, கடல் நிலை, போன வழியின் தடம், குறித்துவைத்த இடங்கள், எல்லை நெருங்கினால் எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. மீன் பகுதியைக் கணிப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ். கடல்மேல் வெப்பத்தையும் பாசியின் பச்சையத்தையும் துணைக்கோளிலிருந்து அளந்து சொல்கிறார்கள்.

லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. பனியிலும் இருட்டிலும் பார் தப்புவதில்லை, டீசல் மிச்சம், போட்ட வலையைத் தேடி அலைய வேண்டாம். நஷ்டம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. கணிச்சத்தைத் திருட முடியாது, ஏனென்றால் அது உடம்பில் இருந்தது. புள்ளியைத் திருடலாம். டீக்கடையில் சார்ஜ் போட்ட போனிலிருந்து இரண்டு எண்களைக் காப்பி பண்ணிக்கொண்டால் போதும், முப்பது வருஷம் வாட்ஸ்அப்பில் போய்விடும். ஒரு படகு மட்டும் அளவாகத் தூண்டில் போட்ட பாரில் ஒரே வாரத்தில் இருபது படகு நிற்கும். ரகசியம் என்பது அங்கே வெறும் சுயநலமாக இருக்கவில்லை, மீனுக்கும் அது ஒரு காப்பாக இருந்தது என்று எனக்குப் படுகிறது. (ரகசியத்தைக் கொண்டாடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பங்காளிக்கும் சொல்லாத அறிவில் ஆதிக்கமும் இருந்தது.)

அடுத்தது, புள்ளி சாட்சியாக மாறுவது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நில எல்லைகளைக் காட்டும் செயலிகளோடுதான் போகிறார்கள். 2021இல் வயோமிங் மாநிலத்தில் நாலு வேட்டைக்காரர்கள், சதுரங்கக் கட்டம்போல் மாறிமாறிக் கிடந்த பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்கு, மூலையோடு மூலை தாண்டிப் போனார்கள். பக்கத்துக் கட்டங்களின் சொந்தக்காரர், பெரும் பணக்காரர், அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். அத்துமீறலுக்கு ஆதாரமாக அவர் தரப்பு காட்டியவற்றில் ஒன்று, ஒரு வேட்டைக்காரரின் செயலியில் பதிவாகியிருந்த ஒரு புள்ளி. கடைசியில், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூலை தாண்டியது தப்பில்லை என்றது. ஆனாலும் வழி காட்டப் போட்ட புள்ளி, போட்டவனுக்கு எதிராகவே பேச முடியும் என்பது தெரிந்துவிட்டது.

நம் கரைக்கு வருவோம். சுருக்குமடி வலையையொட்டி 2021 ஆகஸ்டில் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கிடையே மோதல் நடந்து, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. இந்தச் சண்டைகளில் 'நீ எங்கே மடி வளைத்தாய்?' என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டுச் சுருக்குமடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கொடுத்தபோது, 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டே நாள் என்று சொன்னதோடு, படகில் கண்காணிப்புக் கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. சின்ன வலைக்காரர்கள் பார்வையில் இது நியாயம், பெரிய படகு கரையோரம் வந்து வாரிக்கொண்டு போவதைப் பிடிக்க வேறு என்ன வழி? ஃபூக்கோவின் சிறைக் கோபுரத்தை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாமல் போவது இதனால்தான். கண்காணிக்கப்படுவதைச் சில நேரம் கீழே இருப்பவர்களே கேட்கிறார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போகவே இல்லை. 'எங்க இருந்தாங்கன்னு யாருக்காவது தெரிஞ்சிருந்தா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் போய் ஃபூக்கோவைப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. அதற்குப் பிறகுதான் 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டம் வந்தது.

எனவே கருவி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல பிரச்சினை. படகின் தடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அதன் ஒரு பிரதி படகுக்காரர் கையிலும் ஊர்ப் பஞ்சாயத்திடமும் இருக்கிறதா? எல்லை தாண்டினாய் என்று பிடித்துக்கொண்டு போகும்போது, காரைக்கால் மீனவர் தன் தடத்தை எடுத்துக் காட்ட அவரிடம் என்ன இருக்கிறது? தடம் எத்தனை காலம் வைக்கப்படுகிறது, யாரெல்லாம் பார்க்கலாம் என்று அவருக்குத் தமிழில் யாராவது எழுதிக் கொடுத்தார்களா? மீனவர் சங்கங்களோடு வேலை செய்யும் நண்பர்கள் மானியக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போனை விமான நிலையில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும். புள்ளிகளைக் கணக்கில் ஏற்றாமல் போனிலேயே சேமிக்கும் செயலிகள் உண்டு, அமைப்பில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் பார்களைச் சில இளைஞர்கள் நோட்டில் எழுதுகிறார்கள், ஒரு பக்கம் எண், எதிர்ப்பக்கம் எந்தப் பனை எந்தக் கோபுரத்தோடு சேர்கிறது என்ற அடையாளம். நான் பார்த்த நோட்டில் பாதிப் பனைகளுக்கு நேரே 'இப்போ இல்ல' என்று எழுதியிருந்தது.