கொல்லையில் கோல்ஃப் ஆட செயற்கைப் புல்: அடியில் என்ன இருக்க வேண்டும்?

‘ஒரு தடவை விரிச்சிட்டா போதும், தண்ணி ஊத்த வேணாம், வெட்டவும் வேணாம்.’ செயற்கைப் புல் போட விரும்புவோர் சொல்லும் காரணம் இதுதான். கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைத்துப் பழகும் ‘புட்டிங் கிரீன்’ தரையை வீட்டுக் கொல்லையிலேயே அமைக்கலாம். ஆனால், லால்குடி போன்ற காவிரிப் பாசன ஊர்களில் புல்லைவிட அடிமண்தான் முக்கியம்.

ஏன்?

களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் நேரடியாக விரித்தால் தரை மேடு பள்ளமாகி, பந்து நேராக உருளாது.

எப்படி அமைப்பது?

மேல்மண்ணை அரை அடி எடுத்துவிட்டு, ஜல்லியும் அதன்மேல் கிரஷர் தூளும் பரப்பி, திமிசு போட்டு இறுக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் தேவை. குழியின் விட்டம் 4.25 அங்குலம். புல்லை விரித்தபின் காய்ந்த மணலைத் தூவி, துடைப்பத்தால் இழைகளுக்குள் இறக்க வேண்டும்.

சிமென்ட் தளம் போடலாமா?

போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காது. தமிழகத்தில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கொல்லைக் கிணறு ஊறுவதும் அந்த நீரால்தான்.

வெயில் தாங்குமா?

நிஜப் புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழையால் அது முடியாது. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாத அளவுக்குச் சுடும். மர நிழல் விழும் இடமே நல்லது. இல்லாவிட்டால், ‘தண்ணி ஊத்த வேணாம்’ என்று போட்ட புல்லுக்கும் ஆடுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும்.