சுரங்க நில மீட்சி: புல்வெளியும் ஓடைக்கரையும்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களால் சிதைந்த நிலத்தை ஏறத்தாழப் பழைய வடிவிற்குக் கொணர்ந்து தாவரங்களை வளர்ப்பது, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுரங்க நிறுவனங்களின் கடமையாயிற்று. மழை மிகுந்த இப்பகுதியில் தாவர வளர்ச்சிக்கான பொறுப்புக் காலம் 5 ஆண்டுகளாகும்.

மண்சரிவைத் தடுக்கக் கனரக இயந்திரங்களால் மண் இறுக்கப்பட்டது. அதில் மரங்கள் வேரூன்ற இயலவில்லை. விரைந்து பரவும் அயற்புற்களே செழித்தன. இப்புல்வெளிகளுட் சில, எண்ணிக்கை குறைந்துவரும் ஹென்ஸ்லோ குருவிக்குப் புகலிடமாயின என்பதும் கருதத்தக்கது.

ஓடையின் நலமோ இக்கால அளவிற்குள் அடங்குவதில்லை. உடைபட்ட பாறையில் பைரைட்டு மிகுந்துள்ள இடங்களில், அது காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கிறது. இரும்புப் படிவு ஓடைப்படுகையைச் செம்மஞ்சளாக மூடி, நீர்ப்பூச்சிகளின் வாழிடத்தை அழிக்கிறது. மேலே பசுமை நிலவும்போதும் கீழே இந்நிலை பல பத்தாண்டுகள் நீடிக்கக்கூடும்.

சுண்ணாம்புக்கல் வாய்க்கால்களும் செயற்கைச் சதுப்புநிலங்களும் அமிலத்தைத் தணிக்கின்றன. இறுகிய மண்ணைக் கிளறிவிட்டால் நாட்டு மரங்கள் வேரூன்றுகின்றன; அவை ஓடைக்கு நிழலும் கரைக்குப் பிடிப்பும் தருகின்றன.

எனவே, பசும்பரப்பு மட்டுமே மீட்சியின் அளவுகோலாகாது. ஓடையில் நீர்ப்பூச்சிகள் மீண்டனவா என்பதையும் உடன்வைத்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.